தண்ணீர் இருந்தது, மாடு இல்லை: தாது வருஷத்தில் ஒரு வட ஆற்காட்டு விவசாயி

என் தாத்தாவின் தாத்தாவான பெரியவரைப் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு கதைகள் உண்டு. ஆண்கள் சொல்வது ஒன்று, பெண்கள் சொல்வது வேறொன்று.

ஆண்கள் கதை சின்னது. பத்துக் காணி நிலம் இருந்தது, தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876-78-ல், கிணறு வற்றிவிட்டது, நிலம் கைமாறிப் போய்விட்டது. தாத்தா இதைச் சொல்லி முடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். மேற்கொண்டு கேட்டால் பதில் வராது.

பெண்கள் கதையை எனக்குச் சொன்னவள் ஆயா, தாத்தாவின் மனைவி. அவள் அதைத் தன் மாமியாரிடம் கேட்டாள். அந்த மாமியார் தன் மாமியாரிடம் கேட்டார். அந்தக் கடைசி மாமியார்தான் பெரியவரின் மனைவி, பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர். ஒவ்வொருத்தியும் வேறு வேறு ஊரிலிருந்து வாழ வந்தவள். ரத்த உறவே இல்லாமல் அடுப்படி வழியாக வந்த கதை இது. "கிணத்துல தண்ணி பளபளன்னு தெரிஞ்சுதாம், எறைக்க நாதியில்லியாம்" என்பாள் ஆயா. தண்ணீர் இருந்தால் பஞ்சம் எப்படி வரும்? ஆயாவுக்கு வயதாகிவிட்டது, எதையோ குழப்பிக்கொள்கிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அப்பா காலமான பிறகு ஒரு தகரப் பெட்டி என்னிடம் வந்தது. அதில் நிலம் சம்பந்தமாக நான்கு பழைய காகிதங்கள் இருந்தன. இரண்டு பட்டா, ஒரு போக்கியப் பத்திரம், ஒரு கிரயப் பத்திரம். அவற்றைப் படித்து முடிக்க எனக்கு ஒரு கோடை முழுக்க ஆனது. புள்ளி கிடையாது, வரி பிரிப்பு கிடையாது, எண்கள் தமிழ் எண்கள், வருஷத்துக்கு ௵ என்று ஒரு குறி. படித்த பிறகு எந்தக் கதை சரி என்ற கேள்வி மறுபடி எழுந்தது. இந்த ஆய்வு அதற்காகத்தான்.

ஊர் வேலூர் தாலுகாவில், பாலாற்றுக்குத் தெற்கே இருக்கிறது. பெயரைச் சொல்லவில்லை. பங்காளிகள் வரப்புத் தகராறில் இன்னும் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆள் யார்

பெரியவருக்குப் பிறந்த தேதி கிடையாது. அந்தக் காலத்து விவசாயிகளில் அநேகருக்குக் கிடையாது. சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்குத் தனிச் சட்டம் வந்ததே 1899-ல்தான். ஆயாவின் கணக்குப்படி அவருக்குக் கல்யாணம் நடந்தது 'ரயில் வந்த மறு வருஷம்'. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது 1856 ஜூலை 1-ந் தேதி. அப்படியானால் கல்யாணம் 1857 வாக்கில். அப்போது இருபதை ஒட்டிய வயது என்று வைத்தால், பிறப்பு 1830-களின் பிற்பகுதி. இதற்கு மேல் துல்லியம் தேவையில்லை. அவருக்கே அது தேவைப்பட்டிருக்காது.

எழுதப் படிக்கத் தெரியாதவர். இரண்டு பத்திரத்திலும் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடும் அதன் பக்கத்தில் 'கைக்கீறல்' என்ற சொல்லும் இருக்கின்றன. அந்தக் கோடு மட்டும்தான் அவர் கையால் வந்தது. மீதி எல்லாம் எழுதுகிறவர் கைவண்ணம்.

முதல் பட்டா பசலி 1283-க்கு உரியது. பசலி என்பது சர்க்காரின் வரி ஆண்டு. பசலியோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும், ஆக 1873-74. ஜில்லாவுக்குத் தலைநகர் அப்போது சித்தூர். வேலூர் வெறும் தாலுகா ஊர். ரயத்துவாரி முறையில் சர்க்காருக்கும் குடியானவனுக்கும் நடுவில் ஜமீன்தார் இல்லை. ஆனால் ஊர்க் கணக்கெழுதும் கர்ணம் உண்டு, வரி வசூலிக்கும் மணியக்காரர் உண்டு, வருஷா வருஷம் ஜமாபந்தி என்னும் வரிக்கணக்குத் தணிக்கை உண்டு. விளைந்தாலும் விளையாவிட்டாலும் புஞ்சைக்குத் தீர்வை உண்டு. ஏரி காய்ந்து நஞ்சை சாவியானால் வஜா, அதாவது வரித் தள்ளுபடி, கேட்கலாம். கர்ணம் எழுதினால் கிடைக்கும்.

அந்தப் பட்டாவையும் பிறகு வந்த பத்திரங்களையும் சேர்த்துப் பார்த்தால் அவரிடம் இருந்தது ஏரிக்குக் கீழே ஒரு காணி நஞ்சை, மேட்டில் நான்கு காணி புஞ்சை. ஐந்து காணி, அதாவது ஆறரை ஏக்கர் சொச்சம். பத்துக் காணி இல்லை. (எந்தக் குடும்பத்துக் கதையிலும் போன நிலம் இருந்த நிலத்தைவிட இரண்டு மடங்காகிவிடுகிறது. எங்கள் வீடு பரவாயில்லை, 'கண்ணுக்கெட்டிய வரை நம்முது' என்று சொல்லும் வீடுகளை எனக்குத் தெரியும்.)

வீட்டில் பெரியவர், மனைவி, இரண்டு பெண்கள், இரண்டு பையன்கள். பெண்கள் எந்தக் காகிதத்திலும் இல்லை. மனைவியும் இல்லை. ஆயா சொல்லாமல் இருந்திருந்தால் அந்த வீட்டில் பெண்களே இருந்ததில்லை என்று நினைத்திருப்பேன்.

இன்னொரு குடும்பமும் அந்த நிலத்தை நம்பி இருந்தது. சேரியிலிருந்து வந்த படியாள் குடும்பம். படியாக அளந்து கூலி கொடுப்பதால் படியாள். வீட்டில் தானியம் இருக்கும் வரை அந்த உறவு இருக்கும். இவர்களும் காகிதத்தில் இல்லை.

ஏன் கிணறு

வட ஆற்காட்டை ஆற்றுப்பாசன ஜில்லா என்று எவனும் சொல்ல மாட்டான். பாலாறு அகலமாகக் கிடக்கும், ஆனால் வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். மணலுக்கடியில் ஓடும் ஊற்றைக் கால்வாய் வெட்டி இழுத்து வருவார்கள், மழையைத் தேக்க ஏரி கட்டுவார்கள். மகேந்திரவாடி ஏரி பல்லவ மகேந்திரவர்மன் காலத்தது. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கும் மேலாக இந்தப் பக்கத்து விவசாயம் ஏரிக்கரையைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறது. ஏரி நிரம்பினால் நஞ்சையில் சம்பா. புஞ்சையில் கேழ்வரகு, கம்பு, சாமை, ஓரத்தில் துவரையும் ஆமணக்கும். வாயில் போனது பெரும்பாலும் கேழ்வரகுதான். நெல் விற்றுக் கிஸ்து, அதாவது நிலவரித் தவணை, கட்டுவார்கள், களியும் கூழும் சாப்பிடுவார்கள்.

ஏரி ஊருக்குப் பொது. அதில் தண்ணீர் வருவதும் வராததும் வானத்தின் கையில், வந்தால் பங்கு போடுவது ஊரின் கையில். கிணறு அப்படி இல்லை. சொந்தக் கிணறு உள்ளவன் மழையை எதிர்பார்க்காமல் ஒரு பயிராவது எடுப்பான். 1870-களில் கொஞ்சம் துணிச்சல் உள்ள ஒரு சிறு விவசாயி என்ன நினைப்பான் என்றால், கிணறு வெட்ட வேண்டும் என்றுதான் நினைப்பான். பெரியவரும் நினைத்தார்.

யுவ வருஷம் சித்திரை மாதம், அதாவது 1875 கோடையில், தன் ஒரு காணி நஞ்சையைப் பெரியப்பா மகனிடம் 150 ரூபாய்க்குப் போக்கியம் வைத்தார். காரணம் கிணறு வெட்ட என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. கோடைதான் கிணறு வெட்டும் பருவம். ஊற்று கீழே இறங்கியிருக்கும்போது தோண்டினால்தான் ஆழம் போக முடியும். பாறையை உடைக்கப் போயர்கள் வந்து தங்கி வேலை செய்தார்கள், அவர்களுக்குக் கூழ் ஊற்றியே வீட்டுக் குதிர் காலியானது என்பது ஆயாவின் சேதி.

போக்கியம் என்றால் வட்டி கிடையாது. கடன் கொடுத்தவர் நிலத்தை அனுபவிப்பார், முதலைத் திருப்பினால் நிலம் திரும்பும். கௌரவமான ஏற்பாடுதான். பங்காளியிடம் வைத்ததில் அவமானமும் இல்லை. நான் முதலில் படித்தபோது நல்ல முடிவு என்றே தோன்றியது. ஏரியை நம்பிய ஒரு காணியைக் கொடுத்துவிட்டு, நான்கு காணிக்கு நிரந்தரத் தண்ணீர் வாங்கியிருக்கிறார். கணக்குத் தெரிந்த மனிதர்.

கணக்கில் ஒன்று விட்டுப்போனது. அது எனக்கே மூன்றாவது முறை படிக்கும்போதுதான் உறைத்தது.

கவலை எப்படி ஓடும்

இந்தப் பக்கம் கவலை என்பார்கள், தெற்கே கமலை. கிணற்று விளிம்பில் உருளை, உருளையிலிருந்து இறங்கும் வடத்தில் தண்ணீர் மொள்ளும் பெரிய சால், சாலின் அடியில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு தோல்குழாய். கிணற்றை ஒட்டிச் சரிவாக வெட்டிய பாதையில் இரண்டு எருதுகள் கீழ்நோக்கி நடக்கும்போது சால் மேலே வரும். ஓட்டுகிறவன் வடத்தின் மேல் உட்கார்ந்து தன் எடையையும் கொடுப்பான். வால்கயிற்றைத் தளர்த்தினால் தண்ணீர் கொட்டும். அப்புறம் மாடு பின்னாலேயே மேட்டுக்கு ஏற வேண்டும். இதைக் காலையிலிருந்து உச்சி வரை செய்தால் கொஞ்சம் நிலம் நனையும். பெரும்பாலும் வடத்தின் மேல் உட்காருவது வீட்டுப் பையன்தான்.

மாடு இல்லாதவனுக்கு ஏற்றம் உண்டு. ஏற்ற மரத்தின் மேல் ஓராள் முன்னும் பின்னும் நடக்க வேண்டும், கீழே ஓராள் சாலைப் பிடிக்க வேண்டும். தண்ணீர் கிட்டத்தில் இருந்தால் சரி. பாறையை உடைத்து ஆழம் போன கிணற்றுக்கு ஏற்றம் எட்டாது.

ஆகவே அந்தப் புதுக் கிணற்றுக்கு இயந்திரம் எருதுகள்தான். எருதுக்குத் தீனி வைக்கோல். வைக்கோல் வருவது நஞ்சையிலிருந்து. அந்த நஞ்சைதான் பங்காளி அனுபவத்தில் இருந்தது.

புஞ்சையிலும் தட்டை கிடைக்கும், இல்லையென்று சொல்லவில்லை. கேழ்வரகுத் தாள், கம்பந்தட்டை, சோளம் போட்டிருந்தால் சோளத்தட்டை. ஆனால் கோடையைத் தாண்டி மாட்டைக் காப்பது களத்தோரத்து வைக்கோல் போர். 1876 தை மாதம் அந்த ஒரு காணியில் அறுத்த சம்பா வைக்கோல் பெரியப்பா மகன் வீட்டுப் போரில் ஏறியது. பெரியவர் களத்தில் அந்த வருஷம் போரே இல்லை. தண்ணீருக்காகத் தீனியை அடகு வைத்திருக்கிறார். நல்ல மழைக்காலத்தில் இதனால் ஒன்றும் ஆகியிருக்காது. வைக்கோலை விலைக்கு வாங்கியிருப்பார், நாலைந்து வருஷத்தில் போக்கியத்தை மீட்டிருப்பார்.

அடுத்து வந்தது தாது வருஷம், அதற்கடுத்து 1877-78-ல் ஈஸ்வர வருஷம்.

தாது, ஈஸ்வர

1876-ல் ஐப்பசி கார்த்திகை அடைமழை பொய்த்தது. ஏரிக்குத் தண்ணீர் வரவில்லை. இந்தப் பக்கத்தில் மழைக்காக மகாபாரதத்து விராட பருவம் படிக்கும் வழக்கம் உண்டு, எங்கள் ஊரிலும் படித்தார்களாம். தானியம் ரயிலில் வந்து இறங்கியது, ஆனால் வாங்கும் விலையில் இல்லை. 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாக அறிவித்துத் தர்பார் நடந்தது. அதே மாதத்தில் இந்திய சர்க்கார் பஞ்சத்தைப் பார்வையிட அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்து நிவாரண வேலைக் கூலியைக் குறைத்தார். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், சுமார் 450 கிராம், அதோடு கொஞ்சம் சில்லறை. மண் வெட்டிச் சுமக்கிறவனுக்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். பிறகு கூலி உயர்ந்தது. அதற்குள் வாந்திபேதி பரவிவிட்டது.

1871 குடிக்கணக்கில் வட ஆற்காட்டில் ஏறக்குறைய 20 லட்சம் பேர். 1881-ல் 18 லட்சம். பத்து வருஷத்தில் கூடியிருக்க வேண்டிய ஜனத்தொகை இரண்டு லட்சம் குறைந்திருக்கிறது. செத்தவர்கள் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிச் சாகவில்லை. கூலிக்காரர்கள், கைத்தொழிலாளிகள், நிலமில்லாதவர்கள்தான் முதலில் போனார்கள். எங்கள் படியாள் குடும்பம் தாது வருஷக் கடைசியில் சட்டி பானையோடு மலைப் பக்கம் கிளம்பியது, திரும்பவில்லை. ஆயா இதைச் சொல்லும்போது ஒரு வார்த்தை சேர்ப்பாள்: "நாமதான் அனுப்பிட்டோம்."

மூத்த பெண்ணைப் பரிசம் கூட இல்லாமல் அவசரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு வாய் குறையும் என்று. அவள் போன வீட்டில் கம்பு இருந்தது, பிழைத்தாள், பேரன் பேத்தி கண்டாள். இதைக் கொடுமை என்று இன்றைக்கு உட்கார்ந்து சொல்வது சுலபம்.

மாடுகளைப் பற்றி ஆயா சொல்வது இதுதான். கூரை ஓலையைப் பிடுங்கிப் போட்டார்கள், கள்ளியின் முள்ளைத் தீயில் பொசுக்கிப் போட்டார்கள், கடைசியில் ஒன்று தொழுவத்திலேயே படுத்துவிட்டது. மற்றதை வாங்க ஆளில்லை. ஒற்றை மாட்டை வைத்துக் கவலை ஓடாது. படியாளும் இல்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தது. குடத்தில் மொண்டு வீட்டோரம் நாலு கீரைப் பாத்திக்கு ஊற்றினார்கள், அதில்தான் மீதிப் பேர் உயிர் தங்கியது.

ஆயா சொல்வதை நம்பலாமா

இங்கேதான் மூன்றாவது காகிதம். வெகுதானிய வருஷம் ஆவணி, 1878. நஞ்சையைப் பெரியப்பா மகனுக்கே சுத்தக்கிரயம் செய்கிறார் பெரியவர். போக்கியக் கடன் 150 ரூபாய் கழிவு, மேற்கொண்டு ரொக்கம் 90 ரூபாய். ரொக்கம் எதற்கு என்று பத்திரம் சொல்கிறது: சர்க்கார் கிஸ்து பாக்கி, குடும்ப அவசியம், ஏர் மாடு வாங்க.

'குடும்ப அவசியம்' என்பதைப் படித்து உருக வேண்டியதில்லை. இந்துச் சட்டப்படி மூதாதையர் சொத்தை அப்பன் விற்றால் அவசியத்துக்காக விற்றான் என்று இருந்தால்தான் பிற்பாடு பிள்ளைகள் கேள்வி கேட்க முடியாது. அதனால் அந்த வாசகத்தை எழுதுகிறவர் எல்லாருக்கும் எழுதுவார். கிஸ்து பாக்கியும் அப்படித்தான். ஆனால் ஏர் மாடு சம்பிரதாய வாசகம் இல்லை. மாடு இருந்தவன் அதை எழுதச் சொல்லியிருக்க மாட்டான். மாடு செத்ததற்கு இது சாட்சி.

கிணறு வற்றவில்லை என்பதற்குச் சாட்சி அதைவிடக் கெட்டியானது. அதே பத்திரத்தில் நஞ்சையோடு சேர்த்து, கிணற்றில் பாதிப் பாத்தியத்தையும் முறை வைத்துக் கவலை ஓட்டும் உரிமையையும் எழுதி வாங்கியிருக்கிறார் பெரியப்பா மகன். அவருடைய புஞ்சை பக்கத்திலேயே இருக்கிறது. பஞ்சம் முடிந்த கையோடு, ஒவ்வொரு அணாவையும் எண்ணிப் பார்க்கும் நேரத்தில், வற்றிய கிணற்றில் பாதியை எவனாவது வாங்குவானா? தாதுவிலும் ஈஸ்வரவிலும் அந்தக் கிணற்றில் தண்ணீர் நின்றதைத் தினமும் வரப்பில் நின்று பார்த்தவர் அவர். அவரிடம் மாடு இருந்தது, போர் இருந்ததால்.

அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். நூறு ரூபாய்க்கு மேல் போன நில விவகாரத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற சட்டம் அதற்குச் சில வருஷம் முன்னால்தான் வந்திருந்தது. எல்லாவற்றையும் முறையாகப் பதிவு செய்து, ரொக்கத்தை எண்ணிக் கொடுத்திருக்கிறார். நிலத்தை லேவாதேவிக்காரன் கொண்டுபோயிருந்தால் ஆண்கள் அதைச் சத்தம் போட்டுச் சொல்லியிருப்பார்கள். வாங்கியது பங்காளி, தினம் முகம் பார்க்க வேண்டியவர். 'கிணறு வற்றிவிட்டது' என்று சொன்னால் யார் மேலும் பழி வராது, வைக்கோல் கணக்கில் தவறிய பெரியவர் மேலும் வராது. அந்தக் கதை அப்படித்தான் பிறந்திருக்கும் என்பது என் முடிவு.

இன்னொரு விஷயத்தையும் இந்த இரண்டு பத்திரங்கள் சொல்கின்றன, சொல்ல நினைக்காமலேயே. 1875 போக்கியப் பத்திரத்தில் பெரியவர் தனக்காகவும் தன் இரண்டு மைனர் குமாரர்களுக்காகவும் எழுதிக்கொடுக்கிறார். 1878 கிரயப் பத்திரத்தில் ஒரு மைனர் குமாரன். பிள்ளைகளின் பங்கு விஷயத்தில் வாங்குகிறவர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பார், ஒரு பிள்ளையை மறந்துவிட வழியே இல்லை.

ஆண்கள் கதையில் மூத்த பையன் கிடையாது. தாத்தா கடைசி வரை தன் அப்பாவை 'ஒரே பிள்ளை' என்றுதான் சொன்னார், அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. ஆயாவுக்குத் தெரியும். பையனுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். வடத்தின் மேல் உட்கார்ந்து கவலை ஓட்டியவன் அவன்தான். மாடு போன பிறகு ரோடு போடும் நிவாரண வேலைக்கு அப்பனோடு போனான். ஈஸ்வர வருஷத்தில் கழிச்சல் கண்டு இரண்டே நாளில் போய்விட்டான். அவன் அம்மா அதற்கப்புறம் கிணற்று மேட்டுப் பக்கம் போகவே மாட்டாளாம், தண்ணீருக்கு மருமகள்தான் போக வேண்டுமாம். மருமகளுக்கு அப்படித்தான் விஷயமே தெரிந்தது: ஏன் நான் மட்டும் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

பிறகு

90 ரூபாயில் ஒரு ஜோடி எருது வந்தது. பெரியவர் நான்கு காணிப் புஞ்சையையும் பாதிக் கிணற்றையும் வைத்துக்கொண்டு இன்னும் பல வருஷம் ஓட்டினார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் முறை. நஞ்சை மறுபடி அவர் பெயருக்கு வரவேயில்லை. நான்காவது காகிதம் பசலி 1300-ன் பட்டா, 1890-91. அதில் சர்வே எண்ணும் ஏக்கரும் செண்டும் வந்துவிட்டன, அவர் பெயரும் இருக்கிறது. அவருக்குப் பின் பட்டா மகன் பெயருக்கு மாறியது. ஊரில் சிலர் கோலார் தங்க வயலுக்குப் போனபோது அந்த மகன் போகவில்லை. கிணற்றில் நம்ம முறை வரும்போது ஆள் இருக்க வேண்டும் என்றாராம்.

இதையெல்லாம் எழுதி முடித்துப் போன தை மாதம் ஊருக்குப் போய்ச் சித்தப்பாவிடம் கிரயப் பத்திரத்தைப் படித்துக் காட்டினேன். வைக்கோல் கணக்கைச் சொன்னேன். இரண்டு பையன்கள் ஒன்றானதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி பொறுமையாகக் கேட்டார். கிணற்றில் பாதிப் பாத்தியம் என்ற வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"பாதின்னு தெளிவா போட்டிருக்கா?"

"போட்டிருக்கு சித்தப்பா."

"அப்போ மோட்டார் கனெக்‌ஷன் மட்டும் எப்படிடா முழுசா அவனுங்க பேர்ல இருக்கு?"